குமிழி ஏன் பாடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில், எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில் ஒரு மீன்தொட்டி, ஒரு சிரிஞ்ச், பலூனுக்குள் போட்டுக் கட்டிய ஒரு மைக் ஆகியவற்றோடு உட்கார்ந்துவிடுவேன். தண்ணீருக்குள் ஒரு குமிழி பிறக்கும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேட்கவைப்பதுதான் வேலை. பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள், பேப்பர் படிக்க வந்து எட்டிப்பார்க்கும் பெரியவர்கள் என்று பலர் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. தண்ணி விழுற சத்தம்னா தண்ணியும் தண்ணியும் மோதுற சத்தம்தானே? இதுல குமிழி எங்க வந்துச்சு?

மோதுவதிலும் சத்தம் உண்டு, ஆனால் ரொம்பச் சன்னம். ஓடையின் சலசலப்பு, பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் விழும் ஓசை, அருவியின் இரைச்சல் இதிலெல்லாம் நம் காதில் விழுவதில் பெரும்பங்கு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுடையது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, உள்சுவரை ஒட்டி மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய சத்தமே இருக்காது. அதே தண்ணீரை ஒரு அடி உயரத்திலிருந்து நேராக ஊற்றினால் ‘கொடகொட’ என்று கேட்கும். இரண்டாவது முறை டம்ளருக்குள் பாருங்கள், குமிழிகள் மொய்த்துக்கொண்டிருக்கும்.

2. ராத்திரியெல்லாம் குழாய் சொட்டுது. ‘ப்ளிங்’, ‘ப்ளிங்’னு ஒரே தொல்லை. அதுவும் குமிழிதானா?

அதுவேதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வால் என்ற பொறியியல் பேராசிரியருக்கும் இதே தொல்லை வந்திருக்கிறது. பிரேசிலில் நண்பர் வீட்டில் தங்கியபோது, ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளியில் சொட்டுகிற சத்தம் அவரைத் தூங்கவிடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அதிவேகக் கேமராவையும் நீருக்குள் வைக்கிற மைக்கையும் கொண்டு படம்பிடித்தார். 2018-ல் முடிவு வெளியானது.

சொட்டு விழுந்ததும் தண்ணீரில் ஒரு குழி விழுகிறது. குழி மூடிக்கொள்கிறது, நடுவிலிருந்து ஒரு நீர்த்தண்டு மேலே எழும்புகிறது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும் இந்தக் காட்சி முழுக்க ஏறக்குறைய மௌனம். குழி மூடும்போது அதன் அடியில் கடுகு அளவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது பாருங்கள், அதுதான் ‘ப்ளிங்’ போடுகிறது. குமிழி துடிக்க, அதற்கு மேலே உள்ள நீர்ப்பரப்பும் சேர்ந்து துடித்து அறைக் காற்றைத் தள்ளிவிடுகிறது. நிறுத்த வழி: வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விடுங்கள். நீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைத் தோல் போல இறுக்கிப் பிடிக்கும் விசை, குறைந்தால் குமிழி மாட்டாது, சத்தமும் வராது. வாஷர் மாற்றுவது இன்னும் நல்லது.

3. காத்து உருண்டைதானே குமிழி? அது எப்படி மணி மாதிரி ஒலிக்கும்?

சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கினால் அது திருப்பித் தள்ளும். அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். குமிழிக்குள் இருப்பதும் அப்படிப்பட்ட காற்றுதான். ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு எடை தொங்கினால் அது மேலும் கீழும் ஆடும் இல்லையா? இங்கே எடையாக இருப்பது சுற்றியிருக்கிற தண்ணீர். குமிழி சுருங்குகிறது, உள்காற்று நெருக்கப்பட்டுத் திருப்பித் தள்ளுகிறது, தண்ணீர் வெளியே போகிறது, வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே போய்விடுகிறது, மறுபடி உள்ளே வருகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த ஆட்டம். சில மில்லிவிநாடிகளில் அடங்கிவிடும்.

ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழியில் இருக்கும் காற்று ஏறக்குறைய 5 மைக்ரோகிராம். அதோடு சேர்ந்து ஆடுகிற தண்ணீரைக் கணக்குப் போட்டால், குமிழியின் கனஅளவைப் போல மூன்று மடங்கு நீர், அதாவது சுமார் 12.5 மில்லிகிராம். காற்றைவிட 2,500 மடங்கு எடை! அவ்வளவு சின்ன உருண்டை இவ்வளவு தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதற்கு இதுதான் காரணம். அதே அளவில் ஒரு ஊதல் செய்தால் அதன் ஒலி மனிதக் காதுக்கே எட்டாது.

இந்தக் கணக்கை 1933-ல் போட்டவர் மார்செல் மின்னார்ட், பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் வேலை பார்த்தவர். சூரிய ஒளியின் நிறமாலையை ஆராய்ந்த வானியலாளர் அவர். ஓடும் நீரின் ஓசையில் அவருக்கு என்ன ஆர்வம் என்று கேட்டால், இயற்கையில் கண்ணிலும் காதிலும் பட்ட எதையும் அவர் விட்டதில்லை என்பதுதான் பதில். அவருக்கு 13 ஆண்டுகள் முன்பே, 1920-ல், நம் சி.வி. ராமன் கல்கத்தாவில் அசுதோஷ் டேயுடன் சேர்ந்து, நீரில் பொருள் விழும் ஓசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நோபல் பரிசுக்கு முந்தைய ராமன் வீணை, மிருதங்கம், தபலா என்று ஒலியிலேயே ஊறிக் கிடந்தவர்.

4. சூத்திரமெல்லாம் வேணாம் சார். எந்த சைஸ் குமிழிக்கு என்ன சுருதி, அதை மட்டும் சொல்லுங்க.

சரி, ஒரே ஒரு எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள்: 3.26. குமிழியின் ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 3.26-ஐ அதனால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு எத்தனை ஆயிரம் ஆட்டம் என்று, விடை வரும். 1 மில்லிமீட்டர் ஆரம் என்றால் 3,260 ஹெர்ட்ஸ். 2 மில்லிமீட்டர் என்றால் 1,630. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக 1 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு குமிழி வந்தால் 326 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய சின்னப் பிள்ளை பேசும் குரலின் உயரம். இது தரைமட்டக் காற்றழுத்தத்தில், சாதாரணத் தண்ணீருக்கு. மற்ற இடங்களைப் பற்றி 14-ல் பார்ப்போம்.

5. வீட்டில செஞ்சு பாக்க முடியுமா?

தாராளமாக. மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றித் தூரப்போடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, சிரிஞ்சின் முனை மேலே பார்க்க உள்ளே வைத்து, ஒவ்வொரு குமிழியாகக் கழன்று வரும்படி மெதுவாக அமுக்குங்கள். காதைப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைத்தால் ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு ‘டிங்’ கேட்கும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

போனில் அதிர்வெண் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, போனைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முனையின் துளை சுமார் 2 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் 1,500 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு முகடு தெரியும். 3.26-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஆரம் 2.2 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து அளக்காமலே குமிழியின் அளவு கிடைத்துவிட்டது! எங்கள் தொட்டியில் முதன்முதலில் இதைச் செய்தபோது ஒரு ஏழாம் வகுப்புப் பெண் “அப்போ காதாலயே அளக்கிறோமா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

6. குமிழி மேல வந்து உடையும்போதுதானே சத்தம் வரும்?

இதைக் கேட்காத ஆளே கிடையாது. சிரிஞ்ச் சோதனையில் கவனித்தால் ‘டிங்’ வருவது குமிழி முனையிலிருந்து கழலும் நொடியில்தான், மேலே போய் உடையும்போது இல்லை. கழலும்போது குமிழியை முனையோடு பிணைத்திருந்த கழுத்து சுருங்கி அறுகிறது. அறுந்த கழுத்து ரப்பர்பேண்ட் போலச் சட்டென்று உள்ளிழுத்துக்கொண்டு, உள்காற்றுக்கு ஒரு அடி கொடுக்கிறது. மணியை அடித்த மாதிரி.

சோடா மட்டும் விலக்கு. கோலி சோடாவையோ பாட்டில் பானத்தையோ டம்ளரில் ஊற்றினால், கண்ணாடியில் ஒட்டிய தூசி, நூலிழை இவற்றில் தங்கிய காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் மெல்ல வளர்ந்து, சத்தம் போடாமல் கழலும். அங்கே நீங்கள் கேட்கும் ‘சிலுசிலு’ மேற்பரப்பில் அவை வெடிக்கிற ஓசை.

7. குடம் நிரம்ப நிரம்ப சத்தம் ஏறிக்கிட்டே போகுதே, அதுவும் குமிழியா?

இல்லை. அடிபம்பில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பேச்சு மும்முரத்தில் இருந்தாலும் குடம் நிறையப் போவது காதுக்குத் தெரிந்துவிடும். அது நீருக்கு மேலே குடத்துக்குள் மிச்சமிருக்கும் காற்று தரும் ஓசை. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. புல்லாங்குழலில் துளையைத் திறந்து குழலைக் குட்டையாக்குவது போல. அந்தக் காற்றை ஆட்டிவிடும் இரைச்சல் மட்டும் கீழே விழும் நீரும் அதன் குமிழிகளும் தருவது. ஆக, அடிப்பது குமிழி, ஏறும் சுருதியைத் தீர்மானிப்பது குடம்.

8. கெட்டில் கொதிக்கறதுக்கு முன்னாடி ‘ஓ’ன்னு கத்துது, கொதிச்ச அப்புறம் அடங்கிடுதே?

இங்கே வேறு ஒரு ஜாதிக் குமிழி வருகிறது. இதுவரை பார்த்தது காற்றுக் குமிழி. அதை அமுக்கினால் திருப்பித் தள்ளும், ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்று எங்கும் போகாது. நீராவிக் குமிழி அப்படி இல்லை. குளிர்ந்தால் உள்ளே இருப்பதே தண்ணீராக மாறி, தாங்க ஆளில்லாமல் குமிழி நொறுங்கிவிடும்.

கெட்டிலின் அடித்தகடு 100 டிகிரியைத் தாண்டிச் சுடும்போது மேலே உள்ள தண்ணீர் 80, 85-ல்தான் இருக்கும். அடியில் பிறக்கும் ஆவிக் குமிழி கொஞ்சம் மேலே வந்ததும் குளிர்ந்த நீரில் பட்டு ‘டப்’ என்று நொறுங்குகிறது. ஆயிரக்கணக்கான ‘டப்’ சேர்ந்ததுதான் அந்தக் கத்தல். தண்ணீர் முழுக்கக் கொதிநிலைக்கு வந்ததும் குமிழிகள் நொறுங்காமல் மேலே வந்து சேர்ந்துவிடும். அப்போது கத்தல் போய் ‘கொதகொத’ மட்டும் மிச்சம். காப்பிக்கு டிகாக்ஷன் போடுகிறவர்கள் பார்க்காமலே கொதிநிலையைச் சொல்வது இதனால்தான்.

9. முறுக்கு சுடும்போது சத்தம் அடங்கினா எடுக்கணும்னு எங்க அம்மா சொல்வாங்க. அதுக்கு அறிவியல் இருக்கா?

உங்கள் அம்மா சொன்னதே அறிவியல்தான். எண்ணெய் கொதிப்பதாக நாம் பேசுகிறோமே தவிர, முறுக்கு வேகும் சூட்டில் எண்ணெய் கொதிப்பதில்லை. மாவில் இருக்கும் தண்ணீர்தான் ஆவியாகிக் குமிழியாக வெளியே பாய்கிறது. பிழிந்து போட்டதும் ‘சொய்ங்’ என்று இரைவது அந்தக் குமிழிகள் பிறக்கிற, மேற்பரப்பில் வெடிக்கிற ஓசை. ஈரம் குறையக் குறையக் குமிழி குறையும், சத்தம் தணியும். சத்தம் நின்றால் மாவில் ஈரம் இல்லை, முறுக்கு மொறுமொறுப்பாகிவிட்டது.

வெண்ணெய் உருக்கும்போதும் இதே கதை. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறையத் தண்ணீர் இருக்கும். அது தீரும்வரை ‘சடசட’ என்று பொரியும். சத்தம் அடங்கியதும் முருங்கை இலையைப் போட்டு இறக்கவேண்டியதுதான். அதற்கு மேல் விட்டால் கசண்டு கருகும். ஈரம் அளக்கும் கருவி எதுவும் நம் அடுக்களையில் இருந்ததில்லை, காது இருந்தது.

10. சுடுதண்ணில இன்ஸ்டன்ட் காப்பித்தூள் போட்டுக் கலக்கி, கப்பை ஸ்பூனால தட்டினா சுருதி இறங்கி, அப்புறம் தானா ஏறுது. கப்பு மாறலையே?

நல்ல கண்டுபிடிப்பு, 1982-ல் ஃபிராங்க் க்ராஃபோர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தூளோடு ஒட்டிவந்த காற்றும், நீரில் கரைந்திருந்த காற்றும் நுண்குமிழிகளாகி நீர் முழுக்கப் பரவுகின்றன. இங்கே 3-ல் சொன்ன தனிக் குமிழியின் பாட்டு முக்கியமில்லை. குமிழிகள் கூட்டமாக நீரின் குணத்தையே மாற்றுகின்றன.

நல்ல நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும், காற்றில் சுமார் 340. இரண்டையும் கலந்தால் நடுவில் ஒரு வேகம் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பதோ வேறு. கனஅளவில் ஒரு சதவீதம் காற்றைக் குமிழிகளாகக் கலந்தாலே வேகம் விநாடிக்கு 100 முதல் 120 மீட்டராக விழுந்துவிடும், காற்றைவிடக் குறைவு! கலவைக்குத் தண்ணீரின் எடையும் காற்றின் மெத்தென்ற தன்மையும் ஒருசேர வந்துவிடுவதே காரணம். வேகம் குறைந்தால் கோப்பையிலுள்ள நீர்த்தம்பத்தின் சுருதி இறங்கும், குமிழிகள் மேலே போய்க் கலைந்ததும் பழையபடி ஏறும். கோப்பையின் அடியைத் தட்டினால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

11. எங்க பம்புசெட்டுல திடீர்னு உள்ள கூழாங்கல் உருளுற மாதிரி சத்தம். பிரிச்சுப் பாத்தா கல்லே இல்ல.

கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கும். மோட்டார் உறிஞ்ச, தண்ணீர் போதிய அளவு வராவிட்டால், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் பக்கம் அழுத்தம் ரொம்பவே குறையும். அழுத்தம் குறைந்தால் சாதாரணச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழி அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும், 8-ல் சொன்னது போல நொறுங்கும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே நொறுங்குவது பலமடங்கு மூர்க்கமாக இருக்கும், இரும்பிலேயே பொத்தல் பொத்தலாகக் குழி விழும்.

இந்தச் சத்தத்தைக் கேட்டும் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். நிறுத்தி, ஃபுட் வால்வைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் பம்பைக் கீழே இறக்கவேண்டியிருக்கும்.

12. சொடக்கு எடுத்தா விரல் எலும்பு தேயுமா? அந்த ‘டொக்’ எலும்பு உரசுறதா?

எலும்பு உரசுவதில்லை. மூட்டுக்குள் வழவழப்பாக ஒரு திரவம் இருக்கிறது. விரலை இழுக்கும்போது மூட்டு சட்டென்று அகல, உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு ஒரு குமிழியாகிறது. சத்தம் எப்போது வருகிறது என்பதில்தான் சண்டை. 1947-ல் குமிழி பிறக்கும்போது என்றார்கள். 1971-ல் இல்லை, நொறுங்கும்போது என்றார்கள். 2015-ல் கனடாவில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் விரலை வைத்துச் சொடக்கெடுத்து, பிறக்கும்போதுதான் என்றார்கள். 2018-ல் வினீத் சந்திரன் சுஜா, அப்துல் பரகாத் இருவரும் கணக்குப் போட்டு, குமிழி பாதி நொறுங்கினாலே அந்தச் சத்தம் வந்துவிடும், மிச்சக் குமிழி உள்ளே இருக்கும் என்றார்கள். என் ஓட்டு கடைசிக்கு. சத்தத்துக்குப் பிறகும் ஸ்கேனில் குமிழி தெரிந்தது ஏன் என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது. எடுத்த விரலில் உடனே மறுபடி சொடக்கு வராததற்குக் காரணம், வாயு திரும்பக் கரைய சுமார் 20 நிமிடம் ஆவதுதான்.

தேய்மானத்தைப் பற்றிக் கேட்டால், டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இடது கையில் மட்டும் 60 ஆண்டுகள் சொடக்கெடுத்து, வலது கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-ல் இதற்கு இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. ஒரே ஆள், இரண்டே கை, பெரிய ஆதாரம் என்று சொல்லமாட்டேன். வலிக்கும்படி சொடக்கெடுத்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

13. கடல்ல மழை பெய்யுறது மீனுக்குக் கேக்குமா?

நீருக்குள் மழைக்குத் தனி ஓசை உண்டு. 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூறல் துளிகள் ஒழுங்காக, விழும்போதெல்லாம் ஒரு குமிழியைப் பிடித்துக்கொடுக்கும். அவை ஒலிப்பது சுமார் 14, 15 கிலோஹெர்ட்ஸில். 4-ல் உள்ள கணக்கைத் திருப்பிப் போட்டால் குமிழியின் ஆரம் கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதைவிடப் பெரிய நடுத்தரத் துளிகள் குமிழியே பிடிப்பதில்லை, சுமார் 2.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெருந்துளிகள்தான் மறுபடி பிடிக்கும். அதனால் சில சமயம் தூறல் பெருமழையைவிடக் கீச்சென்று ஒலிக்கும்.

பெரும்பாலான மீன்களுக்கு இவ்வளவு உயர்ந்த சுருதி எட்டாது. டால்பினுக்கு நன்றாகவே கேட்கும். கடலுக்கு அடியில் மைக்கைத் தொங்கவிட்டு, இந்த ஓசையை வைத்தே நடுக்கடலில் மழையை அளக்கிறார்கள். அங்கே மழைமானி நட்டுவைக்க முடியாதே.

14. அந்த 3.26 எல்லா இடத்துக்கும் சரியா வருமா? ஆழத்துல என்ன ஆகும்?

வராது. ஸ்பிரிங்கின் விறைப்பு அழுத்தத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே அதே அளவுக் குமிழியின் சுருதி 1.4 மடங்கு ஏறும். மிக நுண்ணிய குமிழிகளில் நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து இறுக்குவதால் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும்.

அந்த நுண்குமிழிகள் மருத்துவமனையில் வேலை செய்கின்றன. இதய ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியாவிட்டால், மெல்லிய உறை போட்ட சில மைக்ரோமீட்டர் குமிழிகளை ரத்தக் குழாயில் செலுத்துவார்கள். ஆரத்தை 1.5 மைக்ரோமீட்டர் என்று வைத்து 4-ன் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 20 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலே வரும். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியும் அந்த வட்டாரம்தான். ரத்த நுண்குழாய்க்குள் புகும் அளவுக்குக் குமிழியைச் சிறிதாக்கினால், அது தானாகவே ஸ்கேனின் சுருதிக்கு வந்து நிற்கிறது.

15. ஹீலியம் அடிச்சா குரல் கீச்சுனு ஆகுமே. ஹீலியம் குமிழியும் கீச்சுனு பாடுமா?

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது, நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். ஹீலியத்தில் ஒலியின் வேகம் காற்றில் உள்ளதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் தொண்டைக்குள் அது நிரம்பினால் குரல் மாறுவது அந்த வேகத்தால். ஆனால் 3-ல் பார்த்தபடி குமிழியில் ஒலி அலை உள்ளே ஓடித் திரும்புவதில்லை, ஸ்பிரிங் மட்டும்தான் ஆடுகிறது. எடை தண்ணீருடையது. உள்ளே ஹீலியம் எவ்வளவு லேசாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

மாறுவது ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டும், அதுவும் கொஞ்சம். அதிகம் போனால் சுருதி 9 சதவீதம் ஏறும். சோடாவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு என்றால் 4 சதவீதம் போல இறங்கும். அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் ஒரு ஹீலியம் பலூனோடு வந்துவிட்டான். பலூன் வாயில் சிரிஞ்சைப் பொருத்த அரைமணி நேரம் போராடினோம். பாதி ஹீலியம் கூரைக்குப் போனது. மிச்சத்தில் கிடைத்த ‘டிங்’குக்கும் காற்றின் ‘டிங்’குக்கும் வித்தியாசம் சொல்லுங்கள் என்று கண்ணை மூடச் சொல்லிக் கேட்டேன், ஒருவராலும் முடியவில்லை.